மாற்றிப் பார்க்க ஓர் எண்

“சார், இதை மாத்தினா கெட்டுப்போயிருமா சார்?”

தென்காசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் முன்னால் இருந்த திரையின் இடப்பக்கம் இருபது வரி நிரல். வலப்பக்கம் அந்த நிரல் வரைந்த சிக்குக் கோலம்: நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளி. சிவப்பில் ஓர் இழை, நீலத்தில் ஓர் இழை. இரண்டும் பின்னிக்கொண்டு புள்ளிகளைச் சுற்றி வந்தன. நிரலில் 6 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவள் விரல் விசைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

“எதுவும் கெடாதும்மா. மாத்திப் பாரு.”

6-ஐ அழித்து 7 என்று அடித்தாள். நீலம் மறைந்தது. முழுக் கோலமும் ஒரே சிவப்பு இழையாகிவிட்டது. அவள் குனிந்து அந்த இழையைத் திரைமேல் விரலால் ஓட்டிப் பார்த்தாள். எங்கும் அறாமல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரி தன் திரையில் 6, 9 என்று போட்டாள். மூன்று இழை வந்தது. பின்வரிசையில் 5, 5 போட்டவனுக்கு ஐந்து. பத்து நிமிடம் கழித்து ஒருவன் எழுந்து சத்தமாகச் சொன்னான்: “மீ.பொ.வ. சார்!” வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் எது மீப்பெரு பொது வகுத்தியோ, அத்தனை இழை. நான் சொல்லித்தரவில்லை. எண்ணை மாற்றி மாற்றி அவர்களே பிடித்தார்கள்.

அந்தப் பத்து நிமிடம் தடங்கலின்றி நடக்கப் பார்த்துக்கொள்வதுதான் ஒன்பது ஆண்டாக என் வேலை. உலாவிக்குள் படம் வரையும் ஒரு சிறு திறமூல லைப்ரரியின் பராமரிப்பாளர்களில் நான் ஒருவன். த்ரீ.ஜேஎஸ் என்ற பெரிய லைப்ரரியின் மேல் கட்டப்பட்டது எங்களுடையது. மற்றவர்கள் அதன் மையத்தைப் பார்க்கிறார்கள். நான் எடுத்துக்காட்டுகளைப் பார்க்கிறேன். நிரலும் அது வரையும் படமும் ஒரே பக்கத்தில் இருக்கும். நிரலைத் திருத்தினால் படம் உடனே மாறும். அப்படிப்பட்ட நேரடி எடுத்துக்காட்டுகளை எழுதுவதைவிட, அவற்றை இணையத்தில் ஏற்றி ஓடவைத்துக்கொண்டே இருப்பதுதான் கடினம்.

இந்த வேலைக்கு நான் வந்ததே இன்னொருவர் ஓடவைத்திருந்த எடுத்துக்காட்டுகளால். 2011இல் மைக் போஸ்டாக் முதலியோர் வெளியிட்ட டி3 என்ற லைப்ரரியைக் கற்க முயன்று, ஆவணத்தைப் படித்துப் படித்துச் சோர்ந்திருந்தேன். அப்போது போஸ்டாக் நடத்திய பிளாக்ஸ் என்ற தளம் கண்ணில் பட்டது. கிட்ஹப்பில் ஒரு சிறு துண்டு நிரலை வைத்தால், அந்தத் தளம் அதை ஓட்டிப் படமாகக் காட்டும்; கீழே நிரல் முழுவதும் இருக்கும். எடுத்து, ஓர் எண்ணை மாற்றி, என்ன ஆகிறதென்று பார்த்தேன். ஒரு மாதம் படித்தும் புரியாதது ஒரு மாலையில் புரிந்தது. எம்.ஐ.டி. மீடியா லேபில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய பிராசெஸிங் என்ற நிரல்மொழியும், 2013இல் வந்த ஷேடர்டாய் என்ற தளமும் இதே வழியில்தான் பல்லாயிரம் பேருக்குக் கற்றுத்தந்தன. புதிதாகக் கற்பவர் முதலில் செய்வது படிப்பதல்ல, ஏதோ ஓர் எண்ணை மாற்றிப் பார்ப்பது. அந்த முதல் மாற்றம் பலித்துவிட்டால் அவர் தங்கிவிடுவார். திரை உறைந்தாலோ கறுத்தாலோ போய்விடுவார், திரும்பி வருவதில்லை.

ஆகவே அந்த மாணவியின் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘கெடாது’ என்று அவளுக்குத் தைரியமாகச் சொல்வதற்கு முன், கெடக்கூடிய வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டியிருந்தது.

முதல் வழி, முடிவில்லாத சுழற்சி. ஒரு வளைவை வரையும் எடுத்துக்காட்டில், எத்தனை எத்தனையாகக் கூட்டிப் போக வேண்டும் என்ற இடத்தில் 1 இருந்தது. பயனர் அதை 0.5 ஆக்க நினைக்கிறார். 1-ஐ அழித்து முதலில் 0 அடிக்கிறார். எங்கள் பக்கம் ஒவ்வொரு எழுத்துக்கும் நிரலை ஓட்டிக்கொண்டிருந்தது. 0, 0 ஆகக் கூட்டிக்கொண்டே போனால் சுழற்சி எப்படி முடியும்? புள்ளியையும் 5-ஐயும் அடிப்பதற்குள் உலாவி உறைந்துவிட்டது. அவர் செய்த ஒரே குற்றம் 0.5 என்று எழுத ஆரம்பித்ததுதான். ஜேஎஸ் பின் தளத்தை உருவாக்கிய ரெமி ஷார்ப் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்: பயனரின் நிரலை ஓட்டும் முன், அதிலுள்ள ஒவ்வொரு சுழற்சிக்குள்ளும் ஒரு காவல் வரியைச் செருகுவது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் சுற்றினால் அந்த வரி சுழற்சியை அறுத்து வெளியே வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டோம். கூடவே, தட்டச்சு நின்று அரை நொடி ஆன பிறகே ஓட்டுவது என்றும் வைத்தோம்.

சுழற்சி, நிறங்களைக் கணக்கிடும் ஷேடர் என்ற சிறு நிரலுக்குள் இருந்தால் அந்தக் காவல் வரி உதவாது. ஷேடர் ஓடுவது கிராபிக்ஸ் அட்டையில். அட்டை பதில் சொல்லாமல் 2 நொடி கடந்தால் விண்டோஸ் அதன் டிரைவரையே மீட்டமைத்துவிடும். உலாவி, படம் வரையும் பரப்பான எங்கள் கேன்வாஸைப் பறித்துக்கொள்ளும். அதைத் தடுக்க முடியாது; ஆனால் அதன் பின் என்ன காட்டுகிறோம் என்பது எங்கள் கையில் இருக்கிறது. கறுப்புச் சதுரத்துக்குப் பதிலாக, “இந்த நிரல் அட்டைக்கு அதிக வேலை கொடுத்துவிட்டது, கடைசியாக ஓடிய நிலைக்குத் திரும்ப இங்கே தொடவும்” என்ற வாக்கியத்தை வைத்தோம். அதை எழுத எனக்கு ஒரு நாள் ஆனது. பயந்து நிற்பவரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது என்று யோசிப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்திதான்.

இரண்டாவது வழி, பிறர் நிரல். பயனர்கள் தாங்கள் எழுதியதைச் சேமித்துப் பகிரலாம் என்று திறந்துவிட்ட ஆறாவது மாதம், எங்கள் டொமைன் முழுவதையும் உலாவிகள் சிவப்புத் திரை போட்டு ஆபத்தானது என்று எச்சரித்தன. யாரோ எங்கள் பக்கத்துக்குள் ஒரு வங்கியின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே வரைந்துவைத்து லிங்கைப் பரப்பியிருக்கிறார்கள். நான்கு நாள் எவராலும் எங்கள் ஆவணத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. கிட்ஹப் கோப்புகளை நேரடியாகப் பரிமாறிய ராகிட் என்ற இலவசச் சேவை, தீநிரல் பரப்ப அதைப் பலர் பயன்படுத்தியதால் 2018இல் தன் மூடுவிழாவை அறிவித்ததை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் நமக்கு நேராது என்று இருந்துவிட்டேன்.

அதன் பின் அந்நியர் எழுதும் நிரலுக்குத் தனி டொமைன் வாங்கினோம். கிட்ஹப்பே 2013இல் பயனர்களின் பக்கங்களைத் தன் முதன்மை டொமைனிலிருந்து பிரித்துத் தனி டொமைனுக்கு மாற்றியது இதே போன்ற பாதுகாப்புக் காரணத்தால்தான். வீட்டுக்கு விருந்தாளி வரலாம், ஆனால் திண்ணையோடு. எடுத்துக்காட்டு ஓடும் ஐஃப்ரேம் என்ற உட்சட்டகத்தை அடைப்புக்குள் வைத்தோம்: ஸ்கிரிப்ட் ஓடலாம், எங்கள் குக்கீயைத் தொட முடியாது, தாய்ப் பக்கத்தைத் திருத்த முடியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்கிரிப்டுக்கும் அனுமதி, அதே மூலம் என்ற உரிமைக்கும் அனுமதி என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, நிரலையும் சொந்த டொமைனிலேயே ஓடவிட்டால், உள்ளே இருக்கும் நிரல் அடைப்பைத் தானே கழற்றிவிடும். ஆரம்பத்தில் நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

அடைப்பைச் சரிசெய்ததும் படங்கள் காணாமல் போயின. உருண்டை இருக்கிறது, அதன் மேல் ஒட்ட வேண்டிய பூமிப் படம் இல்லை. காரணத்தைத் தேடிப் போனால் அது 2011 வரை போனது. உலாவிக்குள் முப்பரிமாணம் வரைய உதவும் வெப்ஜிஎல் வந்த புதிதில், எந்தத் தளத்தின் படத்தையும் டெக்ஸ்சராக, அதாவது வடிவத்தின் மேல் ஒட்டும் படமாக, ஏற்றலாம் என்றிருந்தது. புள்ளி வெளிச்சமாக இருந்தால் அதிக நேரம் எடுக்கும்படி ஒரு ஷேடரை எழுதி, ஆகும் நேரத்தை அளந்தே பிறர் தளத்துப் படத்தைத் திருடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதிலிருந்து, படத்தை வைத்திருக்கும் சர்வர் வெளிப்படையாக அனுமதித்தால்தான் அதை டெக்ஸ்சராக ஏற்ற முடியும். அடைப்புக்குள் இருக்கும் ஐஃப்ரேமுக்கோ தன் ஊர் எதுவென்று சொல்லிக்கொள்ள முகவரியே கிடையாது. ஆகவே எங்கள் படங்களைத் தரும் சர்வர் ‘யார் கேட்டாலும் தரலாம்’ என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி அமைப்பு. அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு போனது.

மூன்றாவது வழி, ஆசை. முகப்பில் அறுபது எடுத்துக்காட்டுகளும் ஒரே நேரத்தில் அசைந்துகொண்டிருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று அப்படியே வைத்தேன். கீழே உருட்ட உருட்ட மேலே இருந்தவை ஒவ்வொன்றாக வெறுமையாயின. மேசைக் கணினியின் குரோம் ஒரே நேரத்தில் 16 வெப்ஜிஎல் கேன்வாஸுக்குத்தான் இடம் தரும். பதினேழாவது வந்தால் மிகப் பழையதைக் கைவிட்டுவிடும். இப்போது முகப்பில் இருப்பவை அசையாப் படங்கள். தொட்டால் ஒன்று மட்டும் உயிர்பெறும்; அடுத்ததைத் தொட்டால் முன்னது விடைபெறும். பழைய கைப்பேசி வைத்திருப்பவருக்கும் இதுதான் நல்லது.

எண்ணுக்கு அடுத்தபடி எல்லாரும் மாற்றிப் பார்ப்பது பெயரை. எழுத்து வரையும் எடுத்துக்காட்டில் ‘ஹலோ’ என்றிருந்தால், அதை அழித்துத் தன் பெயரைப் போடாதவரை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் போட்டவர்களுக்கு வந்தது. ஒருமுறை கோமதி என்று நானே தமிழில் போட்டுப் பார்த்தேன். க தனியாகவும் அதன் கொம்பு வேறெங்கோவும் நின்றன. முப்பரிமாண எழுத்துக்கு எங்கள் லைப்ரரி ஒவ்வொரு குறியாக எடுத்து வரிசையாக அடுக்கியது. தமிழில் ஓகார உயிர்மெய் கணினிக்குள் மெய்க்குப் பின்னால் வரும் ஒரே குறி; கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். அந்த அறிவு, எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற இயந்திரத்திடம் இருக்கிறது. வெறும் அடுக்கலிடம் இல்லை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தங்களுக்குள் ஹார்ஃப்பஸை வைத்திருக்கின்றன. ஆகவே சாதாரண இருபரிமாணக் கேன்வாஸில் உலாவியையே எழுதச் சொல்லி, அந்தப் படத்தை டெக்ஸ்சராக ஒட்டினோம். எழுத்துக்கு முப்பரிமாணத் தடிமன் கிடைக்கவில்லை. ஆனால் கோமதி கோமதியாக வந்தாள். தன் பெயர் சிதைந்து வருவதைப் பார்க்கும் ஒருவருக்கு, இது தனக்கான கருவி அல்ல என்றுதான் தோன்றும். அந்த எண்ணத்தை யாருக்கும் தர எங்களுக்கு உரிமை இல்லை.

கோல எடுத்துக்காட்டை நான் எழுதியதும் அந்த நாட்களில்தான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தை அணி இலக்கணம் என்ற கணினியியல் கோட்பாட்டோடு இணைத்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கணிப்பொறித் திரைகளை நாம் காண்பதற்கு முன்பே வாசலில் போட்ட கோலம் கணினியியலுக்குள் போயிருக்கிறது. ஆகவே எங்கள் பட்டியலில் அதற்கு முதல் இடம் கொடுத்தேன்.

அந்த மாணவி கேட்ட அன்று தென்காசிக்கு நான் போனது இரண்டாம் முறை. முந்தைய ஆண்டு போனபோது நாற்பது திரையும் வெள்ளையாக நின்றன. எங்கள் பக்கம் திறந்தது, லைப்ரரி வரவில்லை. அதை ஓர் இலவசப் பகிர்வுச் சேவையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த முகவரியை ஆய்வகத்தின் தடுப்புச்சுவர் அனுமதிக்கவில்லை. எழுத்துரு இன்னோர் இடத்திலிருந்து, நிரல் எழுதும் பெட்டி வேறோர் இடத்திலிருந்து. ஒரு பக்கம் திறக்க ஐந்து பேரின் தயவு வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் கரும்பலகையில் படம் போட்டுப் பேசிவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்: எடுத்துக்காட்டுக்கு வேண்டியது எல்லாம் எடுத்துக்காட்டு இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். பென்டிரைவில் எடுத்துப்போய் ஆய்வகத்தின் ஒரே ஒரு கணினியில் சிறு சர்வராக ஓடவிட்டால், இணையமே இல்லாமல் மற்ற கணினிகளில் திறக்க வேண்டும். இரண்டாம் முறை அப்படித்தான் திறந்தது.

மணி அடித்தது. கிளம்பும்போது அந்த மாணவி இன்னொரு கேள்வி கேட்டாள்.

“நான் மாத்தின கோலம் இதுலயே இருக்குமா சார்? பொங்கல் லீவுல அம்மாகிட்ட காட்டணும்.”

முதல் கேள்விக்குச் சொன்னது போல இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கெடாமல் காப்பது ஒரு வேலை. நிலைக்கவைப்பது அதைவிடப் பெரிய வேலை. நான் கற்ற பிளாக்ஸ் தளமே இன்று பழையபடி இயங்குவதில்லை. அதை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளின் லிங்குகள் பாதை அடைபட்ட ஊர்கள் போலக் கிடக்கின்றன.

எடுத்துக்காட்டு இறப்பதற்கு முதற்காரணம், அதன் அடியில் இருக்கும் லைப்ரரி வளர்வதுதான். த்ரீ.ஜேஎஸ் 2021இல் தன் 125ஆம் பதிப்பில் வடிவங்களை விவரிக்கும் பழைய முறையை மையத்திலிருந்து நீக்கியது. பழைய நிரல்கள் பிழை காட்டி நின்றன. அதுகூடப் பரவாயில்லை, பிழை வந்தால் தெரிந்துவிடும். 2023இல் 152ஆம் பதிப்பில் நிறங்களைக் கையாளும் முறையும், 155இல் விளக்குகளின் அளவும் திருத்தப்பட்டன. இரண்டும் சரியான திருத்தங்கள். ஒளி உண்மையில் நடந்துகொள்ளும் விதத்துக்கு நெருங்கியவை. ஆனால் நாங்கள் எண்களைத் திருத்தாமல் விட்ட எடுத்துக்காட்டுகள் ஒரு பிழையும் காட்டாமல் இருண்டுபோயின. இரண்டு மாதம் எங்களுக்குத் தெரியவே இல்லை.

அதன் பின் நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பதை விட்டோம். படம் அதே படமா என்று பார்க்கிறோம். தினமும் இரவு ஒரு கணினி எல்லா எடுத்துக்காட்டுகளையும் புதிய உலாவியில் திறந்து, படமெடுத்து, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடும். சொல்ல எளிது. அசையும் படத்தை எந்தக் கணத்தில் பிடிப்பது? அதற்காகக் கடிகாரத்தை நாங்களே பிடித்துவைத்து, குறித்த நொடியை மட்டும் காட்டுகிறோம். தற்செயல் எண்களுக்கு ஒரே விதையைக் கொடுக்கிறோம். அட்டைக்கு அட்டை விளிம்புகள் மயிரிழை மாறுவதால், அட்டையின்றி மென்பொருளாலேயே வரையவைத்து, அப்போதும் சிறு வேறுபாட்டுக்கு இடம் விடுகிறோம்.

பயனர்கள் சேமிப்பவற்றுக்கு வேறு விதி. எங்கள் சொந்த எடுத்துக்காட்டுகள் புதிய பதிப்போடு நடக்கும். பயனர் சேமித்தது அவர் சேமித்த நாளின் பதிப்போடு கட்டப்பட்டு நிற்கும். பழைய பதிப்பு எதையும் நாங்கள் நீக்குவதில்லை. அவர் நிரலை எங்கள் சர்வரில் வைப்பதும் இல்லை. சுருக்கி மடித்து லிங்குக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்குப் போகாது. உலாவியே பிரித்துப் படித்துக்கொள்ளும். தரவுத்தளம் இல்லை; ஆகவே அது நிரம்புவதும் தொலைவதும் இல்லை. லிங்க் நீளமாக இருக்கும், அவ்வளவுதான்.

செலவும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் கிட்ஹப் பேஜஸ் ஒரு தளத்துக்கு 1 ஜிபி இடமும், மாதத்துக்குச் சுமார் 100 ஜிபி போக்குவரத்தும் என்று வரம்பு வைக்கிறது. 30 எம்பி எடையுள்ள ஒரு முப்பரிமாண மாதிரியை மூவாயிரத்துச் சொச்சம் பேர் திறந்தால் மாதக் கணக்கு தீர்ந்தது. ஆகவே மாதிரிகளைச் சுருக்குகிறோம். உரிமம் தெளிவாக இல்லாதவற்றை, எவ்வளவு அழகாக இருந்தாலும், சேர்ப்பதில்லை. பணம் கேட்காமல், ஒருவர் ஓய்ந்தாலும் இன்னொருவர் எடுத்து நடத்தும்படி எளிமையாக இருக்கும் தளம்தான் பத்தாண்டு தாங்கும்.

இதையெல்லாம் அன்று அவளிடம் சொல்லவில்லை. “லிங்கைக் குறிச்சு வச்சுக்கோம்மா. இருக்கும்,” என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. ஊருக்கு வந்ததும், அவள் மாற்றிய நான்குக்கு ஏழு கோலத்தை இரவுச் சோதனைப் பட்டியலில் சேர்த்தேன். அதில் அவள் பெயர் இல்லை. வரிசை 4, புள்ளி 7 என்று மட்டும் இருக்கிறது. தினமும் காலையில் காபி ஆறுவதற்குள் முந்தைய இரவின் படங்களைப் பார்ப்பது என் வழக்கம். இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறு படங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தக் கோலத்தைப் பார்க்கிறேன். இன்றைக்கும் வந்திருக்கிறது: ஒரே சிவப்பு இழை, எங்கும் அறாமல்.